கால் சிரை நோயின் காரணம் கண்ட பேரறிஞர் டிரெண்டலென்பர்க்

மூன்றாம் ஆண்டு வரலாறு மாணவன்

உலகப் பெரியார்களின் வாழ்க்கையை எழுதப் புகும் நாம் பெரும்பாலும் நாடு பிடித்த மன்னர்களையும், நாட்டை மீட்ட தலைவர்களையும், காவியம் படைத்த கவிஞர்களையுமே நினைத்துக் கொள்கிறோம். வரலாற்று மாணவனாகிய நானும் அவர்களைப் பற்றியே மிகுதியாகப் படித்து வந்தவன். ஆயினும், பிறர் படும் வலியைக் கண்டு அதன் வேரைத் தேடிச் சென்ற மருத்துவ அறிஞர்களின் வரலாறும் வரலாறுதான் அன்றோ? அத்தகைய ஒருவரை இம்மலரின் வாயிலாக அறிமுகம் செய்ய விரும்புகிறேன். அவர் பெயர் பிரீட்ரிக் டிரெண்டலென்பர்க். ஜெர்மனி நாட்டவர். மருத்துவக் கல்லூரி மாணவர்கள் நாள்தோறும் உச்சரிக்கும் பெயர் அது. கலைக் கல்லூரியில் பயிலும் நமக்கோ அவ்வளவாகப் பழக்கமில்லாத பெயர். ஆனால் அவர் ஆராய்ந்த நோய் நம் வீட்டிலும் தெருவிலும் இருக்கிறது.

நரம்பு அன்று, சிரை

நின்றுகொண்டே வேலை செய்பவர்களின் கால்களைக் கவனித்திருக்கிறீர்களா? முழங்காலுக்குக் கீழே நீல நிறத்தில், புழு நெளிவது போல, புடைத்துச் சுருண்டு கிடக்கும் கோடுகளைக் காணலாம். நம் மக்கள் இதை நரம்பு சுருட்டிக் கொண்டது என்பார்கள். மருத்துவர்கள் வெரிகோஸ் வெயின் என்பார்கள். உண்மையில் அது நரம்பு அன்று. இரத்தத்தை இதயத்திற்குத் திருப்பிக் கொண்டு செல்லும் சிரை. பெயரில் நேர்ந்த இக்குழப்பத்தால் நரம்புத் தளர்ச்சிக்கு உரிய டானிக்கை வாங்கிக் குடித்துப் பணத்தையும் காலத்தையும் இழந்தவர்கள் பலர்.

என் தந்தையார் ஓர் உணவகத்தில் பரோட்டா மாஸ்டர். மாலை நான்கு மணிக்குக் கல்லின் முன் நின்றால் இரவு பதினொன்று வரை உட்கார மாட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் இப்படி நின்றதில் இடது கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, பின்னர் ஒரு புண் வந்தது. களிம்பு போட்டால் காய்வதும், சில வாரங்களில் மறுபடி திறப்பதுமாக இரண்டு ஆண்டுகள் கழிந்தன. மாவட்ட அரசு மருத்துவமனையில் ஒரு முதிய மருத்துவர் புண்ணைப் பார்ப்பதற்கு முன் தொடையைப் பார்த்தார். அப்பாவைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தார். தொடையில் ரப்பர்ப் பட்டை ஒன்றைக் கட்டினார். எழுந்து நிற்கச் சொல்லிப் பட்டையை அவிழ்த்தார். மேலிருந்து கீழே, மடை திறந்தது போலச் சிரை நிரம்பியதை அருகில் நின்ற நானும் கண்டேன். புண் கணுக்காலில் இருந்தாலும் குற்றம் தொடையில் இருக்கிறது என்று அவர் விளக்கினார். அந்தச் சோதனைக்கு என்ன பெயர் என்று கேட்டேன். அவர் சொன்ன பெயர்தான் இக்கட்டுரையின் தலைவருடைய பெயர்.

இளமையும் கல்வியும்

டிரெண்டலென்பர்க் 1844ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் பெர்லின் நகரில் பிறந்தார். தந்தை பிரீட்ரிக் அடால்ஃப் டிரெண்டலென்பர்க், பெர்லின் பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர். அரிஸ்டாட்டிலின் நூல்களில் ஆழ்ந்த புலமை கொண்டவர். காரணமின்றிக் காரியமில்லை என்பதை ஆராயும் தத்துவம் வழங்கிய வீட்டில் வளர்ந்த பிள்ளை, பிற்காலத்தில் நோய்க்கும் காரணத்தைத் தேடியதில் வியப்பில்லை.

இளைஞர் டிரெண்டலென்பர்க் ஸ்காட்லாந்து சென்று கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் கற்றார். பின்னர்ப் பெர்லினுக்குத் திரும்பி மருத்துவப் படிப்பை முடித்து 1866ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அப்பட்டத்திற்காக இருபத்திரண்டு வயது ஜெர்மானிய இளைஞர் எடுத்துக் கொண்ட ஆய்வுப் பொருள் யாது தெரியுமா? பண்டை இந்தியரின் அறுவை மருத்துவம்! இலத்தீன் மொழியில் அவ்வாய்வேட்டை எழுதினார். சுசுருதரின் நூல் அப்போது இலத்தீன் மொழிபெயர்ப்பாக ஐரோப்பாவை எட்டியிருந்தது. அறுந்த மூக்கை நெற்றித் தோலால் புதுப்பிக்கும் இந்திய முறையையும் ஐரோப்பிய மருத்துவர்கள் அதற்குள் கற்றுக் கைக்கொண்டிருந்தார்கள். நம் நாட்டு அறிவை மதித்து ஆராய்ந்தே தம் மருத்துவ வாழ்க்கையைத் தொடங்கினார் என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது.

படிப்பு முடிந்தபின் பெர்லினில் பெர்ன்ஹார்ட் ஃபான் லாங்கன்பெக் என்னும் புகழ்பெற்ற அறுவை மருத்துவரிடம் 1868 முதல் 1874 வரை துணை மருத்துவராக இருந்தார். இக்காலத்தில்தான், 1871ஆம் ஆண்டு, அவர் ஓர் அரிய கருவியை வெளியிட்டார். வாயிலும் தொண்டையிலும் அறுவை செய்யும்போது இரத்தம் நுரையீரலுக்குள் இறங்கி நோயாளி மூச்சுத் திணறி இறப்பதுண்டு. டிரெண்டலென்பர்க் மூச்சுக் குழாயில் செலுத்தும் குழாயைச் சுற்றி ஊதிப் பெருக்கக் கூடிய ஒரு ரப்பர் உறையை அமைத்தார். உறை பெருத்துப் பக்கங்களை அடைத்துக் கொள்ளும், இரத்தம் இறங்காது, குழாய் வழியே மயக்க மருந்தும் காற்றும் செல்லும். இன்று மயக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் குழாய்களிலும் அத்தகைய உறை இருக்கிறது.

1872ஆம் ஆண்டு ஜெர்மன் அறுவை மருத்துவக் கழகம் தோன்றியபோது அதை நிறுவியவர்களுள் இவரும் ஒருவர். 1875இல் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்திலும், 1882இல் பான் பல்கலைக்கழகத்திலும், 1895இல் லைப்சிக் பல்கலைக்கழகத்திலும் அறுவை மருத்துவப் பேராசிரியரானார். 1911இல் ஓய்வு பெறும் வரை லைப்சிக்கிலேயே பணிபுரிந்தார்.

முன்னோர் கண்ட வழி

டிரெண்டலென்பர்க் செய்ததன் அருமையை உணர வேண்டுமானால் அவருக்கு முன் இந்நோய்க்கு என்ன செய்தார்கள் என்பதை அறிய வேண்டும். ரோமானியத் தளபதி மாரியஸின் கதையை வரலாற்று மாணவர்கள் படித்திருப்பார்கள். புளூட்டார்க் எழுதிய வரலாற்றின்படி, மாரியஸின் இரு கால்களிலும் சிரைகள் புடைத்திருந்தன. மருத்துவர் வெட்டி எடுக்க வந்தபோது, தம்மைக் கட்ட வேண்டாம் எனக் கூறி, ஒரு முனகலும் இன்றி ஒரு காலைக் கொடுத்தார். மருத்துவர் மறு காலுக்கு வந்தபோது மட்டும் மறுத்துவிட்டார். கிடைக்கும் பயனுக்கு அந்த வலி மிகையானது என்பது அவர் முடிவு. போர்க்களத்தில் அஞ்சாதவரே அஞ்சி விலகிய மருத்துவம் அது! கண்ணுக்குத் தெரிந்த புடைப்பை வெட்டுவதும், சுடுவதும், குத்தி இரத்தம் வடிப்பதும், துணியால் இறுகக் கட்டுவதுமாகப் பல நூற்றாண்டுகள் கழிந்தன.

இதற்கிடையில் இத்தாலியில் பாதுவா நகரப் பேராசிரியர் ஃபாப்ரிசியஸ் 1603இல் சிரைகளுக்குள் சிறு வால்வுகள் இருப்பதைப் படங்களுடன் விளக்கினார். ஆனால் அவை எதற்கு என்பதை அவர் சரியாக உணரவில்லை. அவரிடம் பயின்ற ஆங்கிலேயர் வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூலில் விடை கூறினார். இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது. சிரைகளில் அது இதயத்தை நோக்கி மட்டுமே செல்ல வேண்டும். திரும்பி வழியாமல் காப்பவை அந்த வால்வுகள்.

இதை நாம் எளிதில் விளங்கிக் கொள்ளலாம். நிற்கும் மனிதனின் கணுக்காலிலிருந்து இதயம் வரை இரத்தம் ஏறத்தாழ நான்கடி ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி, உள்ளே இருக்கும் ஆழ்சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. தசை தளரும்போது வால்வுகள் மூடிக் கொண்டு, ஏறிய இரத்தத்தை இறங்கவிடாமல் தாங்குகின்றன. கெண்டைக்காலை இரண்டாம் இதயம் என்று சொல்வது இதனால்தான். அசையாது நிற்பவரின் கணுக்காலில் சிரையின் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரசம் இருக்கும். நடக்கத் தொடங்கினால் அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். எனவே காலுக்குக் கேடு செய்வது நடையன்று. ஓரிடத்தில் அசையாது நிற்பதே. குடும்ப வழியாக வரும் இயல்பும், பெண்களுக்குப் பேறுகாலமும், உடற்பருமனும், முதுமையும் இதற்குத் துணை சேர்கின்றன. வால்வுகள் தளர்ந்தால் இரத்தம் கீழ்நோக்கி வழியும், சிரை வீங்கும், தோல் கறுக்கும், இறுதியில் புண்ணாகும்.

விரலால் கண்ட உண்மை

பான் நகரில் பணியாற்றியபோது டிரெண்டலென்பர்க் இந்நோயாளிகளைக் கூர்ந்து நோக்கினார். கணுக்காலின் உட்புறத்திலிருந்து தொடை வழியாக இடுப்பின் மடிப்பு வரை தோலின் கீழ் ஒரு நெடுஞ்சிரை செல்கிறது. அதன் வால்வுகள் கெட்டுவிட்டால் இதயம் முதல் கால் வரை தடையற்ற ஒரே இரத்தத் தூண் நிற்குமே, அதன் பாரம் முழுவதும் காலின் மெல்லிய சிரைகளின்மேல் விழுமே என்று அவர் சிந்தித்தார். சிந்தித்ததோடு நில்லாமல் அதைச் சோதித்தும் காட்டினார்.

நோயாளியைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் புடைத்த சிரைகள் வடிந்து மறைகின்றன. அந்நிலையில் தொடையில் நெடுஞ்சிரையை விரலால் அழுத்திக் கொண்டு நோயாளியை நிற்கச் செய்தார். சிரைகள் உடனே நிரம்பவில்லை. கீழிருந்து மெல்ல மெல்லவே நிரம்பின. விரலை எடுத்ததும் மேலிருந்து இரத்தம் பாய்ந்து நொடியில் நிரம்பியது. குற்றவாளி எங்கே இருக்கிறான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? இலண்டன் மருத்துவர் சர் பெஞ்சமின் புரோடி இதே போன்ற ஒன்றை 1846இலேயே விளக்கியிருந்தார். அதனால் இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்வாரும் உண்டு. ஆயினும் அச்சோதனையிலிருந்து மருத்துவத்திற்கு நேர்வழி வகுத்தவர் டிரெண்டலென்பர்க்கே.

விரல் செய்த வேலையை நூல் நிலையாகச் செய்யட்டும் என்பது அவர் கொள்கை. தொடையில் ஒரு சிறு கீறல், நெடுஞ்சிரையை இரண்டு இடங்களில் கட்டி இடையே துண்டித்தல், அவ்வளவே. காலில் தெரியும் புடைப்புகளை அவர் தொடவில்லை. மேலே மடையை அடைத்ததும் கீழே வெள்ளம் வடிந்தது. நாட்பட்ட புண்களும் ஆறத் தொடங்கின. 1890ஆம் ஆண்டு இதைக் கட்டுரையாக வெளியிட்டார். மாரியஸ் அஞ்சிய மருத்துவம் ஒரு சிறு கீறலாகச் சுருங்கிற்று.

இம்முறையில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அவர் தொடையின் நடுப்பகுதியை ஒட்டியே சிரையைக் கட்டினார். அதற்கு மேலே பிரியும் கிளைகள் வழியாக இரத்தம் மாற்றுவழி கண்டதால் சிலருக்குச் சில ஆண்டுகளில் நோய் மீண்டது. அவருடைய மாணவர் பெர்தஸ் 1895இல் அறுவைக்குப் பிந்திய நிலையை ஆராய்ந்து வெளியிட்டதோடு, ஆழ்சிரைகள் திறந்திருக்கின்றனவா என்பதை அறிய, காலில் பட்டை கட்டி நடக்கச் செய்யும் மற்றொரு சோதனையையும் தந்தார். பின்வந்தவர்கள் இடுப்பின் மடிப்பிலேயே, நெடுஞ்சிரை ஆழ்சிரையுடன் கூடும் இடத்தில் கட்டத் தொடங்கினார்கள். ஆசிரியரின் முடிவை மாணவர் ஆராய்வதும், மாணவரின் முடிவைப் பின்வருவோர் திருத்துவதும் அறிவு வளரும் வழியன்றோ? நம் கல்லூரி ஆய்வகத்திற்கும் வகுப்பறைக்கும் இது பொருந்தும்.

தோல்வியில் முடிந்த துணிவு

டிரெண்டலென்பர்க்கின் பெயர் வேறு பலவற்றிலும் நிலைத்திருக்கிறது. அடிவயிற்று அறுவையின்போது நோயாளியின் தலை தாழவும் இடுப்பு உயரவும் மேசையைச் சாய்க்கும் நிலை அவர் பெயரால் வழங்குகிறது. குடல்கள் மேலே சரிந்து, அறுவை செய்யும் இடம் தெளிவாகத் தெரிய அது உதவுகிறது. இடுப்புத் தசை வலுவிழந்தவர் ஒற்றைக் காலில் நிற்கும்போது மறுபுற இடுப்பு தாழ்வதை அவர் 1895இல் விளக்கினார். அதுவும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

ஆனால் என் உள்ளத்தைத் தொட்டது அவருடைய வெற்றிகளைவிட ஒரு தோல்வியே. காலின் ஆழ்சிரையில் உறையும் இரத்தக் கட்டி சில வேளைகளில் பெயர்ந்து, இதயத்தின் வழியே நுரையீரல் தமனியில் போய் அடைத்துக் கொள்ளும். அறுவை நன்றாக முடிந்து, வீட்டுக்குப் போகும் நாளை எண்ணிக் கொண்டிருந்த நோயாளி படுக்கையிலிருந்து எழுந்ததும் சாய்ந்து இறப்பதை அக்கால மருத்துவர்கள் கைகட்டி நின்று பார்த்தார்கள். டிரெண்டலென்பர்க் கைகட்டி நிற்க விரும்பவில்லை. கன்றுகளில் சோதித்துப் பார்த்தபின், மார்பைத் திறந்து, தமனியைக் கீறி, கட்டியை இடுக்கியால் இழுத்தெடுக்கும் முறையை 1908இல் வெளியிட்டார். இதய நுரையீரல் இயந்திரம் இல்லாத காலம் அது. இரத்த ஓட்டத்தை நிறுத்தி வைக்கும் ஒரு நிமிடத்திற்கும் குறைந்த நேரத்திற்குள் கட்டியை எடுத்தாக வேண்டும். அவர் கையில் ஒரு நோயாளியும் பிழைக்கவில்லை. அந்த முயற்சி வீண் என்று பலரும் கருதினார்கள். 1911இல் அவர் ஓய்வு பெற்றபோதும் நிலைமை மாறவில்லை.

பதினாறு ஆண்டுகள் சென்றன. 1924ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18ஆம் நாள், கோனிக்ஸ்பர்க் நகரில் மார்ட்டின் கிர்ஷ்னர் என்னும் அறுவை மருத்துவர் அதே முறையில் ஒரு பெண்ணின் உயிரைக் காப்பாற்றினார். டிரெண்டலென்பர்க்குக் கிட்டத்தட்ட எண்பது வயது. தாம் நட்ட மரம் காய்த்ததைக் காணும் வரை காலம் அவரை விட்டு வைத்திருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் தாடை எலும்பில் தோன்றிய புற்றுநோயால் அவர் காலமானார். ஓய்வுக் காலத்தில் ஜெர்மன் அறுவை மருத்துவக் கழகத்தின் முதல் இருபத்தைந்து ஆண்டு வரலாற்றையும், தம் இளமைக்கால நினைவுகளையும் அவர் நூல்களாக எழுதினார். புதல்வர்களுள் வில்ஹெல்ம் உடலியங்கியல் அறிஞராகவும், பால் மருந்தியல் அறிஞராகவும் புகழ் பெற்றார்கள்.

இன்றைய மருத்துவம்

இன்று விரலுக்குப் பதிலாக மீயொலிக் கருவி வந்துவிட்டது. டாப்ளர் ஸ்கேன் என்று நாம் வழங்கும் அச்சோதனையில், எந்த வால்வு கசிகிறது, ஆழ்சிரையில் அடைப்பு உண்டா என்பதைத் திரையிலேயே காணலாம். நெடுஞ்சிரையைக் கட்டுவதோடு உருவி எடுக்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில், சிரைக்குள் மெல்லிய இழையைச் செலுத்தி லேசர் அல்லது ரேடியோ அலை வெப்பத்தால் உள்ளேயே மூடிவிடும் முறை வந்தது. மருந்தை நுரையாக்கி ஊசி வழியே செலுத்தியும் சிரையை மூடுகிறார்கள். தோலின்மேல் சிலந்தி வலை போலப் படரும் சிவப்பு, நீல நூலிழைகள் பெரும்பாலும் தீங்கற்றவை. வேண்டுவோருக்கு நுண்ணிய ஊசி மருந்தே போதும். ஆனால் கருவிகள் எத்தனை மாறினும் கொள்கை மாறவில்லை. இரத்தம் எங்கே தவறான திசையில் இறங்குகிறது என்பதைக் கண்டுபிடி, அங்கே அடை. இக்கொள்கை டிரெண்டலென்பர்க் விட்டுச் சென்ற செல்வம்.

மருத்துவரைக் காணும் முன்பும் பின்பும் நாம் செய்யக் கூடியவையும் உண்டு. நின்று வேலை செய்வோர் இடையிடையே நடக்க வேண்டும். குதிகாலை உயர்த்தித் தாழ்த்தலாம். ஓய்வில் காலை இதய மட்டத்திற்கு மேல் உயர்த்தி வைக்கலாம். மருத்துவர் சொன்னால் இறுக்கமான காலுறை அணியலாம். காலின் இரத்த ஓட்டத்தைச் சோதிக்காமல் தாமாக அணிதல் கூடாது. தமனி நோய் உள்ளவர்க்கு அது தீங்காகும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ, அதனுடன் மூச்சுத் திணறினாலோ ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது. கடைகளில் பணிபுரிவோருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என 2021இல் தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தம் செய்திருப்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். அந்த இருக்கை அருளால் தரப்படுவதன்று, உரிமை.

நிறைவாக

வள்ளுவப் பேராசான் மருந்து அதிகாரத்தில் நோயை அறிந்து, அதன் முதற்காரணத்தை அறிந்து, தீர்க்கும் வழியை அறிந்து, பொருந்தச் செய்யுமாறு மருத்துவனுக்கு வரிசை வகுத்தார். டிரெண்டலென்பர்க் குறளைப் படித்தாரோ இல்லையோ, அந்த வரிசையில் நின்றார். புண் இருக்கும் இடத்தில் மருந்து தடவுவது எல்லார்க்கும் எளிது. புண்ணுக்கு மூன்று அடி மேலே காரணம் இருக்கலாம் என்று எண்ணி விரல் வைத்துப் பார்ப்பதற்கு ஓர் அறிவு வேண்டும். தம் காலத்தில் முடியாததைப் பின்வருவோர் முடிப்பார்கள் என நம்பி எழுதி வைப்பதற்கு ஒரு நெஞ்சமும் வேண்டும். இரண்டும் அவரிடம் இருந்தன. நாம் வரலாறு படிப்பவராயினும், பொருளியல் படிப்பவராயினும், வேதியியல் படிப்பவராயினும், நாளை சமுதாயத்தின் புண்களைக் காணும்போது சற்று மேலே நோக்கிக் காரணம் தேடுவோமாக!